ஒரே போர்டுக்கு மூன்று கொட்டேஷன்

என் தம்பியின் தொழிலை மூடியவன் நான். குடித்தோ சூதாடியோ மூடவில்லை. விதிமுறைப்படி, ஒவ்வொரு படியாக, கோப்பு வைத்து மூடினேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அவனுக்கு ஒரு வாடகை ஷெட் இருந்தது. உள்ளே ஒரே ஒரு சிஎன்சி லேத். நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைகளைப் படித்துத் தானாகவே இரும்பைக் கடையும் இயந்திரம். யாரோ ஓட்டிக் களைத்து விற்றதை வாங்கிச் சுத்தம் செய்து, பெயின்ட் அடித்து, அதை நம்பி வேலையை விட்டுவிட்டு வந்தவன் அவன். ஒரு பம்பு கம்பெனிக்குத் தண்டுகள் கடைந்து கொடுத்தான். அந்த ஒரு ஆர்டர்தான் ஷெட்டின் வாடகை, ஆபரேட்டரின் சம்பளம், தம்பி வீட்டுச் சாப்பாடு எல்லாம்.

நான் ஓர் அரசு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பொறியியல் படித்தவன்தான், ஆனால் வேலைக்காலம் முழுவதும் நான் தொட்ட இயந்திரம் ஸ்டேப்ளர் ஒன்றே. ஓய்வுக்குப் பிறகு பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலையில் நடப்பேன், பிறகு பஸ் பிடித்துத் தம்பியின் ஷெட்டுக்கு வந்துவிடுவேன். எனக்கென்று ஒரு மேஜை போட்டுக் கொடுத்தான். "அண்ணே, நிர்வாகம் உங்க பொறுப்பு" என்றான். அது மரியாதைக்குச் சொன்னது என்று புரிந்துகொள்ளும் அறிவு எனக்கு அப்போது இல்லை. அப்பா சீக்கிரம் போய்விட்ட வீட்டில் அவனை வளர்த்ததும் படிக்க வைத்ததும் நான். அவன் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அதை நல்ல பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை நான் ஷெட்டுக்குள் நுழையும்போதே ஆபரேட்டர் வாசலுக்கு வந்துவிட்டார். கொரட்டூர்க்காரர், தம்பியோடு ஆரம்பத்திலிருந்து இருப்பவர்.

"சார், மிஷினு கண்ண மூடிகிச்சு. ஆன் பண்ணேன், ஒண்ணியும் வரல. ஃபேன் மட்டும் சுத்துது."

ஆவடியிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். பின்பக்கப் பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்து, மீட்டர் வைத்துப் பார்த்தார். மெயின் போர்டு போய்விட்டது என்றார். இயந்திரத்தின் மூளை அதுதான். இந்த மாடலைத் தயாரிப்பதை அந்தக் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது, பழைய இயந்திரங்களிலிருந்து கழற்றியது கிடைத்தால்தான் உண்டு, கடைசி எழுத்து வரைக்கும் நம்பர் ஒத்துப்போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பம்பு கம்பெனிக்காரர் மாதக் கடைசி வரை பொறுப்பதாகத் தம்பியிடம் சொன்னார். அதற்குள் தண்டு வராவிட்டால் ஆர்டரை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும், தவறாக நினைக்கக் கூடாது என்றும் சொன்னார். அப்போது மாதம் பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன.

அன்று மதியமே தம்பி போர்டைக் கண்டுபிடித்துவிட்டான். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். இயந்திரம் நின்ற அன்றே போர்டு கிடைத்துவிட்டது.

குமணன்சாவடியில், மெட்ரோ தூண்களைத் தாண்டி ஒரு சந்துக்குள் ஒரு பாயின் கடை. மூடிப்போன தொழிற்சாலைகளின் இயந்திரங்களை மொத்தமாக எடுத்துப் பிரித்து விற்பவர். தரையிலிருந்து கூரை வரை மோட்டார்கள், கேபிள்கள், திரைகள். எல்லாவற்றுக்கும் நடுவில், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள், துணி சுற்றி அந்தப் போர்டை வைத்திருந்தார். எங்கள் லேத்தின் அதே கம்பெனி, அதே மாடலிலிருந்து கழற்றியது. நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போனது. ஒரு சின்ன பேட்டரியைச் சிவப்பு ரப்பர் பேண்டால் போர்டோடு சேர்த்துக் கட்டியிருந்தார். இட்லி மாவுப் பாக்கெட்டுக்குப் போடுவார்களே, அந்த ரப்பர் பேண்ட்.

"இந்த பேட்டரி செத்துச்சுன்னா போர்டு எல்லாத்தியும் மறந்துடும் சார். மிஷினோட அளவு, ஓட்டம், எல்லாம் இதுக்குள்ளதான் கீது. அதான் அப்பப்ப மாத்திகினே இருப்பேன். கோமால கெடக்கறவருக்கு டிரிப்பு ஏத்தற மாதிரி" என்றார் பாய்.

தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. விலையைக் கேட்டான். சொன்னார். நியாயமான விலை.

"எடுத்துகினு போங்க. மாட்டிப் பாருங்க. ஓடுச்சுன்னா துட்டு குடுங்க. ஓடலன்னா போர்டக் குடுங்க. அவ்ளோதான், இதுல இன்னா கீது?"

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். "எடுத்துக்கலாமாண்ணே?"

அப்போது நான் தலையசைத்திருந்தால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம்.

"ஒரே எடத்துல கேட்டுட்டு வாங்கிட்டுப் போறதுக்குப் பேரு கொள்முதல் இல்லப்பா" என்றேன். "குறைஞ்சது மூணு கொட்டேஷன் வேணும். ஒப்பிட்டுப் பாக்கணும். அப்பதான் முடிவு எடுக்க முடியும்."

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கீறது ஒரு போர்டு. அதுக்கு மூணு கொட்டேஷனா? ஒரு பொண்ணுக்கு மூணு தரகரு வெச்சுப் பேசுவீங்களா சார்?"

கடையில் நின்றிருந்த ஒருவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. சிரித்தவரிடம் காட்ட முடியாத கோபத்தை விதிமுறையில் காட்டினேன். விலையை மூடிய உறையில் போட்டு, போர்டின் புகைப்படத்தோடு, குறித்த தேதிக்குள் எங்கள் ஷெட்டில் சேர்ப்பிக்க வேண்டும் என்று பாயிடம் சொன்னேன்.

"உறையா?" என்றார் பாய், தம்பியிடம். "மொய்யா எழுதப் போறோம்?"

திரும்பும் பஸ்ஸில் தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்தான். வானகரம் தாண்டியதும், "நீங்க சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும்" என்றான்.

மறுநாள் விலை கோரும் கடிதம் தயாரித்தேன். பழைய பழக்கத்தில் இரண்டு வரிகள் தானாக வந்து விழுந்தன. கேட்ட பொருள் "அல்லது அதற்குச் சமமானது" வழங்கப்படலாம் என்பது ஒன்று. பழுதான பழைய போர்டை விற்பனையாளர் திரும்ப எடுத்துக்கொண்டு விலையில் கழிக்க வேண்டும் என்பது இன்னொன்று. முப்பது வருடம் எல்லாக் கடிதத்திலும் எழுதிய வரிகள். மின்விசிறிக்கும் எழுதினேன், ஜமுக்காளத்துக்கும் எழுதினேன்.

இன்னும் இரண்டு விற்பனையாளர்களைத் தேட வேண்டியிருந்தது. அம்பத்தூரிலேயே கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் ஒரு கம்பெனி. வரவேற்பறையில் ஏசி, தண்ணீர் பாட்டில், கழுத்தில் அட்டை மாட்டிய இளைஞர். "ஸ்டாக் ரெடியா இருக்கு சார், நீங்க ஆர்டர் மட்டும் குடுங்க சார்" என்றார். மூன்றாமவர் திருநின்றவூரில் வீட்டிலிருந்தபடியே போனில் வியாபாரம் செய்பவர். அவரும் கையிலேயே இருப்பதாகச் சொன்னார். எனக்கு ஒரே பெருமை. கிடைக்கவே கிடைக்காது என்று சொன்ன போர்டு மூன்று இடத்தில் இருக்கிறது! "பாத்தியா?" என்றேன் தம்பியிடம். "பாத்தேண்ணே" என்றான்.

உறைகளைத் திறக்கும் நாளில் ஷெட்டில் கூட்டம் போட்டேன். கொள்முதல் குழு: நான் தலைவர், தம்பி நிதி, ஆபரேட்டர் பயனர் துறையின் பிரதிநிதி. ஆபரேட்டர் அதுவரை ஓடாத இயந்திரத்தைத் தினமும் துடைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் இன்னா சார் சொல்லணும்?"

"உங்க கருத்தச் சொல்லலாம்."

"போர்டு வந்தா சரி சார்."

'பயனர் துறை ஆட்சேபம் தெரிவிக்கவில்லை' என்று எழுதிக்கொண்டேன்.

பாயின் விலை ஒரு கல்யாணப் பத்திரிகை உறையில் வந்திருந்தது. மூலையில் மஞ்சள் இல்லை, ஆனால் நல்ல ரோஜா வாசனை. மற்ற இரண்டும் அச்சடித்த தாளில். ஒவ்வொன்றோடும் ஒரு புகைப்படம். மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்தேன்.

பாயின் படத்தில் போர்டு ஒரு செய்தித்தாள் மேல் கிடந்தது. கண்ணாடிக் கட்டடத்தின் படத்தில் ஒரு கறுப்பு லேப்டாப் பை மேல். திருநின்றவூர்க்காரரின் படத்தில் ஒரு ஸ்கூட்டர் சீட்டின் மேல். மூன்றிலும் சிவப்பு ரப்பர் பேண்ட். மூன்றிலும் அதே இடத்தில் அதே முடிச்சு. ஸ்கூட்டருக்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, பாயின் கடை ஷட்டர்.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டமானது. நான் ஏமாறவில்லை. பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டேன். வேலையில் இருந்தபோது எத்தனை முறை பார்த்தது இது! மூன்று கம்பெனிகளின் பெயரில் மூன்று தாள்கள் வரும், மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை இருக்கும், ஒரே ஆள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசலில் நிற்பார். நாங்கள் ஏன் என்று கேட்டதில்லை. விதி மூன்று தாளைக் கேட்டது, மூன்று தாள் வந்தது, கோப்பு நகர்ந்தது. அது போலவே அன்றும் என் மனம் துள்ளியது. மூன்று கேட்டேன், மூன்று வந்துவிட்டது. குமணன்சாவடியில் சிரித்த அந்த மனிதருக்கு நான் பதில் சொல்லியாகிவிட்டது. ஒப்பீட்டு அட்டவணையில் தரம் என்ற இடத்தில் 'மூன்றும் ஒரே அளவில் திருப்திகரம்' என்று எழுதினேன். பொய்யே இல்லாத வாக்கியம்.

தம்பி படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். திரும்ப வைத்தான்.

விலையில்தான் வேடிக்கை. பாய் முதல் நாள் சொன்னதைவிட அதிகமாக எழுதியிருந்தார். கண்ணாடிக் கட்டடத்துக்காரர்கள்தான் குறைவு. பாயைப் போனில் கேட்டேன்.

"அன்னிக்கு நீங்க ஒருத்தர் வந்தீங்க. அப்பால லேப்டாப்பு பையோட ஒரு தம்பி வந்து போட்டா புட்ச்சிகினு போனான். அப்பால ஒருத்தர் ஸ்கூட்டர்ல வந்தாரு. இத்தன வருசமா ஒரு ஈ காக்கா கேக்கல சார். ஒரே வாரத்துல மூணு பேரு! மார்க்கெட்டு ஏறிடுச்சு, நான் இன்னா பண்ணட்டும்?"

சந்தையை ஏற்றியவன் நான்தான். ஆனால் அதை எழுத அட்டவணையில் இடமில்லை.

"அண்ணே," என்றான் தம்பி, "கூட இருந்தாலும் பரவால்ல. பாய் கிட்டயே போய்…"

"குறைஞ்ச விலை சொன்னவங்களுக்குத்தான் ஆர்டர்."

"இல்லண்ணே, போர்டு அங்கதான…"

"அங்கதான என்ன?"

"ஒண்ணுமில்லண்ணே."

கண்ணாடிக் கட்டடத்துக்கு ஆர்டர் போனது. லேப்டாப் பை இளைஞர் உடனே வந்து, நிபந்தனைப்படி எங்கள் பழைய போர்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனார். பிறகு நேராகப் பாயிடம் போயிருக்கிறார். கம்பெனி எங்களுக்கு எழுதிக் கொடுத்த விலைக்கு மேல் பாய் கேட்டிருக்கிறார். இளைஞர் பேரம் பேசினார். பாய் அசையவில்லை. நாட்கள் போயின. இளைஞர் தினமும் எனக்குப் போன் செய்து, "டிரான்சிட்ல இருக்கு சார்" என்றார். பம்பு கம்பெனிக்காரர் தினமும் தம்பிக்குப் போன் செய்தார். ஷெட்டின் இரண்டு மூலைகளில் நின்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருப்போம்.

நடுவில் பாயே கூப்பிட்டார்.

"சார், ஆவடி பக்கம் ஒரு ஷாப்புகாரரு போர்ட கேக்கறாரு. உங்க மிஷினு மாரியே அவருகிட்டயும் ஒண்ணு படுத்துகினு கீது. உங்க தம்பி மொகத்துக்காவ நிறுத்தி வெச்சிகீறேன். பழைய வெலைக்கே எடுத்துக்கோங்க. வந்து வாங்கிகினு போங்க சார், புண்ணியமாப் போவும்."

விற்பவர் வாங்குபவரிடம் கெஞ்சுகிறார். நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? ஆர்டர் கொடுத்தபின் மற்ற விற்பனையாளர்களோடு விலை பேசுவது முறையல்ல என்று சொன்னேன். பாய் என்னை முழுதும் சொல்லவிட்டார். பிறகு, "நீங்க நல்லா கீறீங்களா சார்?" என்று கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது கண்ணாடிக் கட்டடத்திலிருந்து போர்டு வந்தது. அழகான அட்டைப்பெட்டி, உள்ளே வெள்ளை நுரை. சிவப்பு ரப்பர் பேண்ட் இல்லை. நம்பரைச் சரிபார்த்தேன். கடைசி எழுத்து மட்டும் வேறு.

"அது வெர்ஷன் சார். சேம் ஃபேமிலி. உங்க லெட்டர்லயே 'சமமானது'ன்னு போட்டிருக்கீங்களே சார்" என்றார் இளைஞர்.

போட்டிருந்தேன். ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

சர்வீஸ் இன்ஜினியர் வந்து மாட்டினார். திரை எரிந்தது. ஆபரேட்டர் கைதட்டினார். தம்பி ஒரு தேங்காயைத் தயாராக வைத்திருந்தான். அடுத்த நொடி திரை முழுக்கச் சிவப்பு எழுத்து, கூடவே ஒரு சத்தம், நிற்கவே இல்லை.

இன்ஜினியர் படித்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "இது மில்லிங் மிஷின்ல இருந்த போர்டு சார். அதுக்கு மூணு பக்கம் ஓட்டம், மூணு மோட்டார். உங்க லேத்துல ரெண்டுதான். மூணாவது மோட்டார் எங்க, எங்கன்னு தேடுது."

"இன்னா சார் இது!" என்றார் ஆபரேட்டர். "இல்லாத கை வலிக்குதுன்னு அழுவுது மிஷினு!"

மூன்றாவதை மறக்கச் சொல்லி இன்ஜினியர் எதையெதையோ மாற்றினார். அழுகை நின்றது. ஆனால் முன்னே வா என்றால் பின்னே போனது. மெதுவாகப் போ என்றால் பாய்ந்தது. நான் ஒரு யோசனை சொன்னேன். பழைய மோட்டார் ஒன்றை வாங்கிச் சும்மா பக்கத்தில் வைத்துக் கம்பியை மட்டும் இணைத்துவிட்டால், அது சமாதானம் ஆகாதா? இன்ஜினியர் என்னை மரியாதையாகப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"அதெல்லாம் வேணாம் சார். உங்க லேத்தோட அளவெல்லாம் பழைய போர்டுல இருக்கும். போர்டு செத்தாலும் அதோட பேட்டரி இருக்கிற வரைக்கும் நினைவு இருக்கும். எடுத்து இதுல ஏத்திப் பாக்கலாம். பழைய போர்டு எங்க?"

ஆபரேட்டர் தம்பியைப் பார்த்தார், தம்பி தேங்காயைப் பார்த்தான்.

"நிபந்தனைப்படி திருப்பிக் குடுத்தாச்சு" என்றேன்.

இளைஞருக்குப் போன் செய்தோம். அதைச் சிப்புக்காகப் பிரித்தாகிவிட்டது என்றார். அப்படியானால் ஒவ்வோர் அளவையும் ஓட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்றார் இன்ஜினியர். நானும் தம்பியும் ஆட்டோ பிடித்துக் குமணன்சாவடிக்கு ஓடினோம். பிஸ்கட் டப்பாவில் பிஸ்கட் இருந்தது.

"நேத்துதான் குடுத்தேன் நைனா" என்றார் பாய், தம்பியின் தோளைத் தொட்டு. என்னிடம் பேசவில்லை. எங்களுக்கு டீ மட்டும் சொன்னார். ஆவடிக்காரர் வந்தாராம், டப்பாவைத் திறந்து பார்த்தாராம், எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். நான் இருந்த துறையின் கணக்கில் அது முறைகேடு.

மாதம் முடிந்தது. பம்பு கம்பெனிக்காரர் வருத்தம் தெரிவித்தார். ஆர்டர் எங்கே போனது என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்த ஆவடி ஷாப்புக்குத்தான். அவர்களுடைய லேத் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

தம்பி இரண்டு மாதம் சமாளித்துப் பார்த்தான். இன்ஜினியரோடு உட்கார்ந்து அளவுகளைத் தேடினான். லேத் ஒருவிதமாக ஓடவும் செய்தது, ஆனால் கடைவதற்கு வேலை வரவில்லை. ஆபரேட்டர் பாடி பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். போகும்போது என் காலைத் தொடப் போனார், நான் நகர்ந்துகொண்டேன். பிறகு தம்பி மிஷினை விற்றுவிட்டு, திருமழிசையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராகப் போவதென்று முடிவு செய்தான். ஐம்பது வயதுக்கு மேல், மறுபடி கார்டு தேய்த்து உள்ளே போகும் வேலை.

மிஷினைப் பார்க்க ஆள் வருவதாக இருந்த காலையில் ஷெட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அப்போது சொன்னேன்.

"அந்த மூணு போட்டோவும் ஒரே போர்டுதான்டா. எனக்கு அன்னிக்கே தெரியும்."

அவன் மிஷினின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை.

"தெரியும்ணே. நானும் பாத்தேன்."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"நீங்க அட்டவணை போட்டுகினு இருந்தீங்க. சந்தோஷமா இருந்தீங்க. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் உங்கள அப்படிப் பாக்கலண்ணே."

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்த அடக்கம், அவன் சோற்றுக்கே வினையாக வந்து நின்றிருக்கிறது. அவன் வாயை மூட வைத்தது நான், மூடியதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டதும் நான். மன்னித்துவிடு என்றேன். "அதெல்லாம் இன்னாண்ணே" என்றான். துணியை உதறினான்.

வெளியே ஒரு கார் நின்றது. மிஷின் வாங்க வந்தவர் இறங்கினார். நான் என்னையறியாமல் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டேன். ஒரே ஒருவர்தான் கேட்டு வந்திருக்கிறார், இன்னும் இரண்டு பேரிடமாவது விசாரித்தால் என்ன என்று ஒரு வாக்கியம் தொண்டை வரை வந்துவிட்டது. சத்தியமாக வந்தது.

தம்பி என் முகத்தைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக என் கையைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினான்.

"அண்ணே, நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

"நான் இங்க ஓரமா…"

"போங்கண்ணே. மெதுவா குடிங்க."

போனேன். தொழிற்பேட்டை முனையில் இருக்கும் கடையில் ஒரு டீ சொன்னேன். அதைக் குடித்து முடித்தபோது கார் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அவனுக்காக நான் செய்யக்கூடியது அங்கேயே நிற்பது ஒன்றுதான். இன்னொரு டீ சொன்னேன்.